குடும்பம் மறைத்த பெயரைத் தேடுவது எப்படி: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தண்டையார்பேட்டை, காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் என்று மூன்று நான்கு தலைமுறையாக ஒரே தெருவில் வாழும் குடும்பங்களில், உச்சரித்தவுடன் பெரியவர்கள் எழுந்து உள்ளே போய்விடும் பெயர் ஒன்றாவது இருக்கும். தெருவில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியாது. அந்தப் பெயருக்குரியவர் என்ன ஆனார் என்பதை ஆவணங்களின் வழியே கண்டறிய விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் "சின்ன வயசிலேயே காய்ச்சலில் போய்விட்டாள்" என்று சொல்லப்பட்ட அத்தை ஒருவரைத் தேடி நான் அலைந்திருக்கிறேன். உதாரணம் தேவைப்படும் இடங்களில் அவரைப் பற்றியே சொல்கிறேன்; பெயர்களைத் தவிர்த்துவிடுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த வேலையில் வரிசைதான் எல்லாம். சொத்துப் பத்திரம் முதலில், பிறப்பு இறப்புப் பதிவு அடுத்து, பள்ளி, தேவாலயம், இடுகாடு அதற்குப் பின், காவல் நிலையமும் நீதிமன்றமும் அதற்கும் பின், மனிதர்கள் கடைசியில். பலரும் தலைகீழாகப் பாட்டியிடம் கேள்வி கேட்பதில் தொடங்குகிறார்கள். அன்று மாலையே நான்கு வீட்டுக்குச் செய்தி போய்விடும். மறுநாள் தகரப் பெட்டியில் இருந்த காகிதம் இருக்காது.

1. வீட்டில் இருக்கும் காகிதங்களைப் படம் எடுங்கள்

பெரும்பாலான பழைய வீடுகளில் சொத்து வரிப் பெயர் மாற்றம் முடிக்கப்படாமல் கிடக்கும். அந்த உண்மையான வேலையைச் சொல்லியே காகிதங்களைக் கேளுங்கள். தாய்ப்பத்திரம், வரி ரசீதுகள், பழைய குடும்ப அட்டை, ஜாதக நோட்டு, கல்யாணப் பத்திரிகைகள், கருமாதிப் பத்திரிகைகள், மொய் நோட்டு ஆகிய எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

மொய் நோட்டை அலட்சியம் செய்ய வேண்டாம். எந்தக் கல்யாணம் வரை ஒரு குடும்பம் மொய் எழுதியது, எந்தக் கல்யாணத்திலிருந்து அந்தப் பெயர் காணாமல் போனது என்பதை வைத்தே சண்டை நடந்த காலத்தை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அடக்கிவிடலாம்.

ஜாதக நோட்டில் ஒரு பொறி இருக்கிறது. அதில் "ஜய வருஷம் ஆவணி மாதம்" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. ஜய வருஷம் 1954-55-இலும் வந்தது, 2014-15-இலும் வந்தது, 1894-95-இலும் வந்தது. தாத்தா காலத்துக் குறிப்பைக் கொள்ளுத்தாத்தா காலத்ததாக எடுத்துக்கொண்டால் அதற்குப் பிறகான தேடல் முழுவதும் வீண்.

2. முகவரியை உறுதி செய்யுங்கள்

சென்னையில் கதவு எண்கள் மாறியிருக்கின்றன. பழைய எண், புதிய எண் இரண்டும் வேண்டும். தெருப்பெயர்களில் இருந்த சாதிப் பின்னொட்டுகள் நீக்கப்பட்டதால், பத்திரத்தில் இருக்கும் தெரு இன்றைய பலகையில் வேறு பெயரில் இருக்கும். நம்பத்தக்கது சர்வே எண் ஒன்றுதான். ஆகவே பத்திரத்தின் கடைசியில் வரும் சொத்து விவரத்திலிருந்து சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அண்டை வீட்டுக்காரர் பெயர்கள் அந்த நான்கெல்லையில்தான் இருக்கும். பின்னால் அவர்கள் வீட்டுப் பத்திரத்தை வைத்து உங்கள் வீட்டின் விடுபட்ட ஆண்டுகளைச் சரிபார்க்கலாம்.

திருவொற்றியூர், மணலி, மாதவரம், கத்திவாக்கம் ஆகியவை 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. அதற்கு முன் தனி உள்ளாட்சிகளாக இருந்தன. வருவாய்த் துறைக் கணக்கில் திருவொற்றியூர் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்திலும், அதற்கு முன்பு செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருந்தது. அந்தப் பக்கத்துக் குடும்பம் என்றால் பழைய ஆவணத்தைச் சென்னை என்ற பெயரில் மட்டும் தேடிப் பயனில்லை.

3. சார்பதிவாளர் அலுவலகம்: அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள்

குடும்பம் எதைப் பேசாவிட்டாலும், சொத்து கைமாறும்போது எல்லாப் பெயரையும் எழுதித்தான் ஆக வேண்டும். ராயபுரம், திருவொற்றியூர், செம்பியம், சௌகார்பேட்டை என்று உங்கள் சொத்து எந்த அலுவலக எல்லைக்குள் வருகிறது என்பதைப் பதிவுத்துறை இணையதளத்தில் முதலில் பாருங்கள். ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றை அதே தளத்தில் பொதுவாக 1975 முதல் பார்க்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்கு மனுப் போட்டு அலுவலகத்தில் கைமுறையாகத் தேடச் சொல்ல வேண்டும். தேடும் ஆண்டுகள் கூடக் கூடக் கட்டணமும் கூடும் என்பதால் "1940 முதல் இன்று வரை" என்று ஒரே மனுவாகப் போடாமல், மொய் நோட்டு காட்டிய காலத்தைச் சுற்றிப் பதினைந்து ஆண்டுகளாக வெட்டிக் கொள்ளுங்கள். கைமுறைத் தேடலுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். வாசலில் நிற்கும் புரோக்கர் "நாளைக்கே எடுத்துத் தருகிறேன்" என்பார். அவர் தருவதும் அதே சான்றுதான், அதுவும் பல நேரம் ஆண்டுகள் விடுபட்டு.

பதிவேடுகளில் எதை யார் பார்க்கலாம் என்பதை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் உள்ள 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் உரிய கட்டணம் கட்டி யாரும் பார்வையிடலாம், நகலும் கேட்கலாம். உயில்கள் உள்ள 3-ஆம் புத்தகத்தின் நகலை, எழுதியவர் உயிரோடிருக்கும் வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே தருவார்கள். அவர் இறந்த பின் யார் கேட்டாலும் தரலாம், ஆகவே இறப்புச் சான்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அசையாச் சொத்து சாராத பத்திரங்கள் உள்ள 4-ஆம் புத்தகத்தின் நகல், எழுதிக் கொடுத்தவருக்கும் அதன்படி உரிமை கோருபவருக்கும் அவர்களுடைய முகவருக்கும் பிரதிநிதிக்கும் மட்டுமே கிடைக்கும். இதைத் தெரிந்துகொண்டு போனால், "வெளியாளுக்கெல்லாம் தர மாட்டோம்" என்ற பதிலை எங்கே ஏற்க வேண்டும், எங்கே ஏற்கக் கூடாது என்று நிதானமாகப் பேசலாம்.

சொத்து அட்டவணையில் மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களுக்குத் தனி அட்டவணை உண்டு. கதவு எண் மாறிப்போன வீடுகளுக்கு அதுதான் கை கொடுக்கும். ஒரே பத்திரத்தில் தண்டையார்பேட்டை வீடும் பொன்னேரிப் பக்கத்து நிலமும் சேர்ந்திருந்தால், அதை இரண்டு ஊர்களில் எந்த அலுவலகத்திலும் பதிந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பத்திர நகல் கையில் வந்ததும் விலையையும் சொத்து விவரத்தையும் படித்துவிட்டு மூடி வைப்பதுதான் எல்லோரும் செய்வது. நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. மைனர்கள் பட்டியல் இருக்கிறதா, அதில் வயது என்ன, கார்டியன் யார்? பெண்ணை "இன்னார் மகள்" என்று எழுதியிருக்கிறார்களா, "இன்னார் மனைவி" என்று எழுதியிருக்கிறார்களா? கையொப்பமா, கைநாட்டா? சார்பதிவாளர் முன் அவரை அடையாளம் காட்டியவர்கள் யார்? 1956 ஜூன் 17-க்குப் பின் உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்பதால், அந்தத் தேதிக்குப் பிந்தைய குடும்பப் பத்திரங்களில் மகள்களிடம், தம் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் வந்தது. மறைக்கப்பட்ட பெண்களைத் தேடுவோருக்கு விடுதலைப் பத்திரம்போல் உதவும் ஆவணம் வேறில்லை.

என் அத்தை விஷயத்தில், கொள்ளுப்பாட்டி 1954-இல் பேரப்பிள்ளைகள் மூவருக்கும் சமமாக எழுதிய செட்டில்மெண்டில் அவர் 14 வயது மைனராக வருகிறார். அடுத்து 1963-இல், தம் மூன்றில் ஒரு பங்கை 500 ரூபாய் பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம். காய்ச்சலில் "சின்ன வயசிலேயே" போனவர், 23 வயதில் சார்பதிவாளர் முன் வந்து இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறார். அடையாளம் காட்டிய இருவரில் ஒருவர் என் தாத்தாவின் தம்பி.

இங்கே ஓர் எச்சரிக்கை. பத்திரங்களைக் கையால் பிரதி எடுத்த காலத்துப் பதிவேட்டில் அசல் கையெழுத்தோ ரேகையோ இராது. "ஒப்பம்" என்றோ "ரேகை" என்றோ எழுத்தில் மட்டுமே இருக்கும். உண்மையான ரேகை, வீட்டில் இருக்கும் அசல் பத்திரத்திலும் அலுவலகத்து ரேகைப் பதிவேட்டிலும்தான் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவரிடமும் பதிவின்போது ரேகை வாங்குவது வழக்கம். ஆகவே பத்திரத்தின் அடியில், எழுதிக் கொடுப்பவர் ஒப்பமிடும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே சந்தேகப்படுங்கள்.

4. பிறப்பு இறப்புப் பதிவு

சென்னை மாநகராட்சித் தளத்தில் கட்டணமின்றித் தேடலாம், பதிவிறக்கலாம். பழைய பதிவுகள் ஆங்கிலத்தில் உள்ளவை. கன்னியம்மாள் என்ற ஒரே பெயரை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள், பல குழந்தைகள் பெயரே இல்லாமல் தந்தை பெயரோடு மட்டும் பதிவாகியிருப்பார்கள். ஆகவே தேதியையும் பாலினத்தையும் பிடித்துக்கொண்டு தேடுங்கள், பெயரைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். இணையத்தில் தென்படாவிட்டால் மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். அங்கும் இல்லையென்றால் "பதிவு இல்லை" என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தோல்வியாக நினைக்கத் தேவையில்லை. 1954 முதல் 1963 வரை என் அத்தையின் இறப்பு பதிவாகவில்லை என்ற அந்தக் காகிதம் கதையின் போக்கையே மாற்றியது.

இறப்புச் சான்றில் காரணம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பதிவேட்டில் எழுதியிருந்தாலும், வெளியில் தரும் நகலில் இறப்பின் காரணத்தைக் காட்டக் கூடாது என்பது 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. தூக்கா, தீயா, விஷமா என்று அறிய விரும்புவோர் இந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். நகலில் கிடைக்கும் இடத்தையும் தேதியையும் கொண்டு நகருங்கள். இறந்த இடம் வீடா, மருத்துவமனையா, பொது இடமா என்பதிலேயே அடுத்த கதவு எது என்று தெரிந்துவிடும்.

5. பள்ளிப் பதிவேடும் வேலை பார்த்த இடமும்

பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு நிரந்தரமாக வைக்கப்பட வேண்டியது. தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம், உறவைக் காட்டும் ஒரு சான்று, சேர்ந்த ஆண்டு பற்றிய ஒரு கணிப்பு ஆகியவை போதும். செலவு இல்லை, ஆனால் பொதுத்தேர்வுக் காலத்திலும் ஜூன் மாதத்திலும் போனால் யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என் அத்தை எட்டாம் வகுப்பு தேறியவர் என்று அந்தப் பதிவேடு சொன்னது. எட்டாவது தேறியவர் 1963-இல் கைநாட்டு வைத்தது எப்படி என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது.

தேடப்படுபவர் துறைமுகத்திலோ ரயில்வேயிலோ பின்னி மில்லிலோ வேலை பார்த்த ஆண் என்றால், பணிப்பதிவேட்டைக் காட்டிலும் வாரிசு நியமனப் படிவத்தைத் தேடுங்கள். இரண்டாவது குடும்பம் இருந்தால் அந்த மனைவியின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். படிவம் அலுவலகத்தில் கிடைக்காவிட்டாலும், ஓய்வூதியத்துக்காக இரு வீட்டாரும் போட்ட மனுக்களின் நகல் ஏதாவது ஒரு வீட்டில் பத்திரமாக இருக்கும்.

6. தேவாலயம், திருமணப் பதிவாளர், ஜமாஅத், இடுகாடு

வீட்டை விட்டுப் போனவரைக் குடும்பம் தலைமுழுகியிருந்தால், பெரும்பாலும் காரணம் கல்யாணம். 1955 முதல் நடைமுறைக்கு வந்த சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் நடந்த திருமணம் என்றால், திருமணச் சான்றுப் புத்தகத்தை யாரும் பார்வையிடலாம். கட்டணம் கட்டி நகலும் பெறலாம். 47-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. கத்தோலிக்கத் தேவாலயங்களில் திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் பிற்காலத் திருமணக் குறிப்பையும் எழுதும் முறை உண்டு. மதம் மாறி வந்தவர் என்றால் பழைய பெயரும் பெற்றோர் பெயரும் இருக்க வாய்ப்பு அதிகம். முன்கூட்டிக் கடிதம் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் தவக்காலமும் டிசம்பர் மாதமும் வேண்டாம். காணிக்கை என்று கேட்டால் கொடுத்துவிடுங்கள். பங்குத்தந்தை தாமே பதிவேட்டைப் புரட்டித் தேடித் தருவது அவருடைய கடமைக்கு மேற்பட்ட உதவி.

ராயபுரத்துத் தேவாலயம் ஒன்றில், 1961-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவேட்டுப் பக்கத்தை எனக்குக் காட்டினார்கள். நீல மை மங்கிப்போயிருந்தது. மணமகள் ஒப்பமிடும் இடத்தில் என் அத்தை தம் பழைய பெயரைத் தமிழில் முழுதாக எழுதி, கடைசி 'ள்' மீது வைத்த புள்ளியை அழுத்திய அழுத்தத்தில் தாளில் குழி விழுந்திருந்தது. விடுதலைப் பத்திரத்துக்கு இரண்டு ஆண்டு முந்தைய கையெழுத்து அது. பத்திரத்திலோ அவர் "இன்னார் மகள்", கைநாட்டு. கணவர் பெயரே இல்லை.

முஸ்லிம் குடும்பங்களுக்கு மண்ணடி, ராயபுரம் ஜமாஅத்துகளின் நிக்காஹ் பதிவேடு இதே வேலையைச் செய்யும். இடுகாடுகளைப் பொறுத்தவரை, கிறிஸ்தவர்களுக்குக் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்துப் பதிவும், மற்றவர்களுக்கு மூலக்கொத்தளம் போன்ற மாநகராட்சி மயானங்களின் பதிவும் உண்டு. அங்கே வேலை பார்ப்பவர்களிடம் பேசும்போது பணத்தை முதலில் நீட்டாதீர்கள். கேட்பவருக்குப் பிடித்த பதில் கிடைக்கும், சரியான பதில் கிடைக்காது.

7. காவல் நிலையம், நீதிமன்றம், பழைய செய்தித்தாள்

மர்மக் கதை படித்தவர்கள் ஓடி வந்து நிற்கும் இடம் இது. உண்மையில் மிகக் குறைவாகக் கிடைக்கும் இடமும் இதுதான். காவல் நிலையக் கோப்புகள் காலக்கெடு முடிந்ததும் அழிக்கப்பட்டிருக்கும். சந்தேக மரணம் என்றால் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின் கீழ் பதிவாகியிருக்கும். 2024 ஜூலை முதல் அதற்கு இணையானது, அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 194-ஆம் பிரிவு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனுப் போடுங்கள். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய், பதில் 30 நாளுக்குள் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. காரணம் சொல்லத் தேவையில்லை. 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு என்றால் மறுப்பதற்கான விதிவிலக்குகளில் பெரும்பாலானவை பொருந்தாது என்று 8(3)-ஆம் பிரிவு கூறுவதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். "அழிக்கப்பட்டது" என்று பதில் வந்தால், அழித்த பதிவேட்டின் நகலை அடுத்த மனுவில் கேளுங்கள்.

நீதிமன்ற ஆவணத்துக்கு இந்தச் சட்டம் உதவாது; நகல் மனுதான் வழி. வழக்கில் தொடர்பில்லாதவர் என்றால் காரணம் காட்டிப் பிரமாணப் பத்திரம் வேண்டும், வழக்கறிஞர் ஒருவரும் வேண்டும். முன்னதாகவே கட்டணத்தைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். சென்னை நகரத்து இந்துக்களின் பழைய உயில்களுக்கு உயர் நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் உறுதி) வாங்க வேண்டியிருந்தது என்பதால், அந்தக் கட்டுகளில் வாரிசுகள் எல்லோருடைய பெயரும் முகவரியும் ஆட்சேபணைகளும் இருக்கும். கொலை வழக்கைத் தேடி வருபவர்களுக்கு நான் சொல்வது, முதலில் உயில் வழக்கைத் தேடுங்கள் என்பதே.

செய்தித்தாளுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. தேதியை ஒரு வாரத்துக்குள் அடக்காமல் அங்கே போக வேண்டாம்.

இன்னொன்று. தாத்தாவின் பெயர் காவல்துறைப் பழைய பதிவு எதிலாவது இருந்தால் அவர் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நீக்கப்படும் வரை, எந்தக் குற்றமும் செய்யாதவர்களின் ரேகையும் பிறப்பின் பேரில் எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

8. மனிதர்களிடம் பேசுவதும், காலக்கெடுவும்

இப்போதுதான் வீட்டுப் பெரியவர்களிடம் போக வேண்டும், அதுவும் தனித்தனியாக, நகல்களை வெளியே எடுக்காமல். "என்ன நடந்தது?" என்று கேட்டால் காய்ச்சல் கதையே மறுபடியும் வரும். "1963-இல் ராயபுரத்துக்குப் பத்திரம் பதியப் போனது யார் யார்?" என்று, பாதி தெரிந்தவர் கேட்கும் கேள்வியாகக் கேளுங்கள். என் பாட்டி வெகுநேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்துவிட்டு, "அன்னைக்கு மீன் அங்காடியிலேருந்து ஒருத்தியைக் கூட்டிக்கிட்டுப் போனாங்கப்பா" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, கேட்கவும் தேவையிருக்கவில்லை.

மறைக்கப்பட்டவரின் பிள்ளைகள் உயிரோடிருந்தால், அவர்களைத் தேட 2002, 2005 வாக்காளர் பட்டியல்கள் உதவும், திரு.வி.க. நகர், கொளத்தூர் ஆகியவை அதற்குப் பின் உருவான தொகுதிகள் என்பதால் பழைய தொகுதிப் பெயரில் பாருங்கள். நேரில் போய் நிற்காதீர்கள். ஒரு கடிதம் எழுதி, விருப்பமிருந்தால் பேசச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தங்கள் அம்மா வீட்டைப் பற்றி வேறொரு கதை சொல்லப்பட்டிருக்கும், அதை உடைக்க வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்.

ஆனால் பத்திரத்தில் மோசடி தெரிந்தால் காலம் தாழ்த்தவும் கூடாது. ஓர் ஆவணத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கு, அதற்கான உண்மைகள் வழக்காடுபவருக்கு முதன்முதலில் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்பது 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 59-ஆவது இனம். அறுபது ஆண்டுக்கு முந்தைய பத்திரம் என்பதாலேயே எல்லாம் முடிந்துபோனது என்றும் சொல்ல முடியாது, நிச்சயம் வெல்லலாம் என்றும் சொல்ல முடியாது. சொத்து யார் அனுபவத்தில் இருக்கிறது, இடையில் விற்கப்பட்டதா என்பதையெல்லாம் சொத்து வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சான்றிட்ட நகலில் நீங்கள் மனுப் போட்ட தேதியும் நகல் பெற்ற தேதியும் இருக்கும். ஆகவே அத்தை பிள்ளைகளிடம் அதைக் கொடுக்கும்போது வாட்ஸாப்பில் தட்டிவிடாமல், கொடுத்த தேதியை இன்னொரு பிரதியில் எழுதி அவர்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கொடுங்கள்.